இருபத்திமூன்று புள்ளி ஒன்று

என் அக்கா இறந்து நாற்பத்தைந்து நாளாகிறது. அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவள் பெயரில் வருடாவருடம் ஒரு மாணவருக்கு ‘நேர்மைச் சுடர்’ என்று விருது கொடுக்கப் போகிறார்களாம். கூடவே வந்த படிவத்தில் குடும்பத்தார் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். எந்த இடத்தில் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போய்விடப் போகிறதே என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறிகூடப் போட்டிருக்கிறார்கள்.

கடிதத்தின் அடியில் முதல்வரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவை வேதியியல் ஆய்வகத்திலிருந்து எடுத்துப் பாடப்புத்தகக் கிடங்கில் போட்ட உத்தரவிலும் அதே கையெழுத்துத்தான் இருந்தது. சுழி மாறவில்லை.

அக்கா இருபத்தாறு வருடம் அந்தப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். மாடியில் கடைசி அறைதான் ஆய்வகம். ஆறு நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் அமிலம் பட்டுக் கறுத்த வட்டங்கள். இரண்டு குழாய்களில் ஒன்று எப்போதும் சொட்டும். பிள்ளைகள் அவளுக்கு ‘மறுபடி டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது நோட்டை நீட்டினால் ஒரு பார்வை பார்த்துவிட்டு “மறுபடி செய்” என்பாள். திட்ட மாட்டாள், முறைக்க மாட்டாள். அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு அவளைத் திட்டிவிட்டுப் போகலாம் என்றாலும் திட்டும்படி அவள் எதுவும் செய்ய மாட்டாள் என்பதுதான் பிள்ளைகளுக்கு எரிச்சல்.

ஆய்வகத்தில் வழக்கமான ஒரு சோதனை உண்டு. நீளமான கண்ணாடிக் குழாயில் அமிலம் இருக்கும். அதன் மேல் அளவுக் கோடுகள் இருக்கும். கீழே குடுவையில் காரக் கரைசல். அதில் ஒரு சொட்டு நிறங்காட்டி விட்டால் இளஞ்சிவப்பாகிவிடும். குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக அமிலத்தை விட வேண்டும். சிவப்பு சட்டென்று மறைகிற இடத்தில் நிறுத்தி, எத்தனை அளவு இறங்கியது என்று பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான் சோதனை. கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும்.

ஆனால் எல்லாப் பள்ளியிலும் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. அந்த எண் என்ன என்று யாராவது முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் அதை ‘நம்பர்’ என்பார்கள். “நம்பர் வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்கள். நம்பர் கையில் வந்துவிட்டால் குழாயாவது குடுவையாவது. நம்பரை எழுதிவிட்டு, மிச்ச நேரம் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்க்கலாம்.

அக்கா வந்த இரண்டாம் வருடமே அதற்கு ஒரு வழி செய்தாள். அமிலத்தை ஒரே பாட்டிலில் கலக்காமல் நான்கு பாட்டிலில் நான்கு வலுவில் கலந்தாள். எந்த மேசைக்கு எந்த பாட்டில் என்பது அவளுடைய மூக்குக்கண்ணாடி உறைக்குள் மடித்து வைத்த துண்டுச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினவன் மாட்டிக்கொள்வான்.

“டீச்சர், அவளுக்கு இருபத்தொண்ணு வந்திருக்கு, எனக்குப் பத்தொம்பது வருது. எது சரி?”

“உன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது?”

“பத்தொம்பது.”

“அப்போ ஏன் அவ கண்ணை இரவல் வாங்குறே?”

தப்பாக வந்தாலும் தப்பையே எழுதச் சொல்வாள். “தப்பை எழுதினா எங்க தப்பாச்சுன்னு தேடலாம். பொய்யை எழுதினா தேடறதுக்கு ஒண்ணுமே இருக்காது” என்பாள். இதை அவள் நீதிபோதனையாகச் சொல்லவில்லை. குழாயைக் கழுவாமல் வைக்காதே என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வாள்.

பிறகு மேலிடத்திலிருந்து ‘நேர்மைக் கல்வி’ வந்தது. வாரத்துக்கு ஒரு வகுப்பு, மாதத்துக்கு ஒரு உறுதிமொழி, வருடத்துக்கு ஒரு கண்காட்சி. இதற்கு யார் பொறுப்பு என்று முதல்வர் கேட்டபோது எல்லா ஆசிரியர்களும் தேநீர் டம்ளரைப் பார்த்தார்களாம். அக்கா தலையைத் தூக்கி வைத்திருந்ததால் அவள் தலையில் விழுந்தது.

கண்காட்சிக்கு வந்த சுவரொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து அவள் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. “ஊழலை ஒழிப்போம்னு ஒரு படம்டி. அவ்வளவு அழகு. யாரு வரைஞ்சதுன்னு கேட்டேன். ‘எங்க சித்தப்பா டீச்சர், அவர் பேனர் வரையறவர்’னு சொல்றான். முதல் பரிசு அதுக்குத்தான்.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“சித்தப்பா நல்லா வரையறார்னு சொன்னேன்.”

தன் வகுப்பில் அவள் உறுதிமொழி படிக்கவில்லை. பிள்ளைகளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு அளவுகோல் கொடுத்து, ஒரே மேசையின் நீளத்தைப் பத்து முறை அளந்து பத்து எண்களை எழுதச் சொன்னாள். உண்மையாக அளந்தால் பத்தும் ஒன்றுபோல வராது. நூல் அளவாவது கூடும், குறையும். பத்தும் ஒரே எண்ணாக எழுதிக்கொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் “மறுபடி.” முதல் நாள் வகுப்பில் ஒருத்தி மட்டும்தான் பத்து வெவ்வேறு எண்ணோடு வந்தாளாம். வந்ததோடு இல்லாமல், “டீச்சர், மேசையோட கால் ஆடுது, அதனாலயும் மாறுமா?” என்று கேட்டாளாம்.

அந்தப் பெண்ணுக்குச் சக மாணவர்கள் வைத்த பெயர் ‘சந்தேகம்.’ எதற்கெடுத்தாலும் கை தூக்குவாள். மருந்தியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவள். அந்தப் படிப்பில் இடம் கிடைக்க வேதியியல் மதிப்பெண் முக்கியம், அதிலும் செய்முறைத் தேர்வின் முப்பது மதிப்பெண் முக்கியம்.

அந்த வருடம் செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் முதல்வர் அக்காவைக் கூப்பிட்டார்.

“டீச்சர், இந்த நாலு பாட்டில் சர்க்கஸ் எல்லாம் வகுப்போட இருக்கட்டும். பரீட்சைக்கு ஒரே ஜாடி. விதியிலயும் அப்படித்தான் இருக்கு.”

விதியில் அப்படித்தான் இருந்தது. அக்கா ஒத்துக்கொண்டாள். அதுதான் தான் செய்த முதல் தப்பு என்று பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறாள். அமிலம் கலக்கும் வேலையை ஆய்வக உதவியாளரிடம் கொடுத்தார்கள். அவர் நடுத்தர வயதுக்காரர். எப்போதும் குழாயடியில் நிற்பதால் எல்லோருக்கும் ‘குழாய் அண்ணன்.’ கெட்டவர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர். யார் சொன்னாலும் செய்கிறவர். அதுதான் தொல்லை.

குழாய் அண்ணன் முதல் நாளே ஒரு ஜாடி கலந்து, அளந்து, எண்ணை முதல்வரிடம் சொன்னார். இருபது புள்ளி நான்கு. சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு பிள்ளைகளில் நாற்பது பேருக்கு நம்பர் போய்விட்டது. கடைசி மேசைப் பையன்கள் இரண்டு பேருக்கு மட்டும் போகவில்லை; பந்து விளையாட்டில் ஏற்பட்ட சண்டையில் வகுப்புத் தலைவன் அவர்களோடு பேச்சை நிறுத்தியிருந்தான். சந்தேகத்துக்கு நம்பர் போனது. அதை மறக்க வேண்டாம்.

மறுநாள் காலையில் பார்த்தால் ஜாடியில் அமிலம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. நாற்பத்திரண்டு பேருக்குப் போதாமல் போனால்? குழாய் அண்ணன் பக்கத்திலிருந்த குழாயைத் திறந்து ஜாடியை நிரப்பிவிட்டார். பிறகு அக்கா கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார்: “நாலு விரக்கடை தண்ணி விட்டேன் டீச்சர். நம்பர்தான் ஏற்கனவே போயிடுச்சே. அப்புறம் ஜாடியில என்ன இருந்தா என்ன?”

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். விடை முன்னாலேயே முடிவாகிவிட்ட இடத்தில் ஜாடியில் என்ன இருந்தால் என்ன? அந்த மனிதர் தெரியாத்தனமாகச் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில் அந்தப் பள்ளிக்கூடம் முழுவதும் இருந்தது.

தண்ணீர் சேர்ந்த அமிலம் வலுக் குறைந்துவிட்டது. இருபது புள்ளி நான்கு வந்தபோது சிவப்பு மறையவில்லை. முப்பத்தொன்பது பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். பளிச்சென்று சிவப்பாக இருந்த குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு ‘நிறம் மறைந்தது, இருபது புள்ளி நான்கு’ என்று எழுதினார்கள். கடைசி மேசைப் பையன்கள் நம்பர் தெரியாததால் வேறு வழியில்லாமல் சோதனையைச் செய்தார்கள். இருபத்திமூன்று. இருபத்திமூன்று புள்ளி இரண்டு. சந்தேகம் இருபது புள்ளி நான்கில் நிறுத்தினாள், சிவப்பைப் பார்த்தாள், பக்கத்துக் குடுவைகளைப் பார்த்தாள். பிறகு குழாயை மறுபடி திறந்தாள். இருபத்திமூன்று புள்ளி ஒன்று. குடுவையைக் கழுவி இன்னொரு தடவை செய்தாள். அதே எண். எழுதினாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெரும்பகுதி நேரம் முதல்வரின் அறையில்தான் இருந்தார். தேர்வு முடிந்ததும் மேலே வந்து, கையிலிருந்த இருபது புள்ளி நான்கை வைத்துக்கொண்டு தாள்களைத் திருத்தினார். முப்பத்தொன்பது பேருக்கு முப்பது. மூன்று பேருக்குப் பதினான்கு. பட்டியலில் பள்ளியின் சார்பில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பேனாவை எடுக்கவில்லை.

“சார், அந்த மேசையைப் பாருங்க. குடுவை எல்லாம் இன்னும் சிவப்பா நிக்குது.”

“நாப்பத்திரண்டு பேர்ல முப்பத்தொம்பது பேரா டீச்சர் தப்பாச் செய்வாங்க?”

“தப்பாச் செய்யலை சார். செய்யவே இல்லை.”

தேர்வாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அவர் முன்னாலேயே குழாயை நிரப்பி, குடுவையை வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். அந்த அறையில் அவள் கை போகிற வேகம் எல்லோருக்கும் தெரியும், அவசரப்படவே மாட்டாள். இருபத்திமூன்று புள்ளி ஒன்றில் சிவப்பு மறைந்தது. “சார், நீங்க ஒருதரம் செய்யுங்க” என்று குழாயை நகர்த்தினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்போது முதல்வர் மேலே வந்தார்.

“டீச்சர், நேர்மைக் கல்விக்கே பொறுப்பு நீங்க. நீங்களே ஒத்துழைக்கலைன்னா எப்படி?”

இந்த வாக்கியத்தை அக்கா வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள். நான் நம்பவில்லை. “அப்படியேவா சொன்னார்?” என்று கேட்டேன். “சிரிக்காம சொன்னார்டி” என்றாள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இடிக்கிறவன் வெட்கப்பட்டாவது இடிப்பான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

முதல்வரே ஒரு வழியும் சொன்னார். அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு எண்ணை மாற்றி எழுதச் சொல்லிவிடலாம். அவர்களுக்கும் முப்பது. யாருக்கும் நஷ்டம் இல்லை. “ஒரு கையெழுத்துதானே டீச்சர்.”

மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். கடைசி மேசைப் பையன்கள் சந்தோஷமாக அடித்து எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; பதினேழு வயதில் முதல்வரே பேனாவை நீட்டினால் யார் வாங்க மாட்டார்கள்? சந்தேகம் பேனாவை வாங்கிக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாளாம். அக்கா எதுவும் சொல்லவில்லை. “எழுதுன்னு சொன்னா இருபத்தாறு வருஷமும் பொய். எழுதாதேன்னு சொல்ல, போறது என் மார்க்கா?” என்றாள் என்னிடம்.

அந்தப் பெண் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“சார், எனக்கு இருபத்திமூணு புள்ளி ஒண்ணுதான் வந்துது. ரெண்டு தரம் செஞ்சேன்.”

“உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்.”

“ஆனா சிவப்பு போகலையே சார்.”

அக்கா கையெழுத்துப் போடவில்லை. இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிட்டுப் போட வைத்தார்கள். அவர் அக்காவின் பக்கம் திரும்பாமல் போட்டார். பட்டியலில் நாற்பத்தொன்று முப்பதுகள், ஒரே ஒரு பதினான்கு.

அன்று வீட்டில் நான் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால், இதுவும் இருபது புள்ளி நான்காகிவிடும். அக்காவும் நானும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நான் செய்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளிடம், “போட்டுத் தொலைச்சிருக்கலாமே அக்கா, ஒரு கையெழுத்துதானே” என்றேன். முதல்வர் சொன்ன அதே சொற்கள். அக்கா என்னைப் பார்த்து, “நீயுமா?” என்றுகூடக் கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் புகார் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

புகாரோடு ஒரு சாட்சியும் வைத்திருந்தாள். ஜாடியிலிருந்து கொஞ்சம் அமிலத்தைச் சின்ன பாட்டிலில் எடுத்து, மூடி, மெழுகு வைத்து, தேதி எழுதி ஒட்டியிருந்தாள். விசாரணைக்கு எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்து, மருந்தியல் வகுப்பில் அந்தப் பெண் உட்கார வேண்டிய பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்து ஒரு பருவத் தேர்வும் எழுதியாயிற்று. விசாரணை அதிகாரி பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“இது அந்த ஜாடியில இருந்ததுதான்னு என்ன ஆதாரம்?”

“என் கையால எடுத்தேன்.”

“ஜாடி எங்கே?”

“அன்னைக்கே கழுவிட்டாங்க.”

குழாய் அண்ணனைக் கேட்டார்கள். தண்ணீர் விட்டதாக நினைவில்லை என்றார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம். குனிந்தது ஒரு ஆறுதலா? எனக்கு இல்லை. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று முடிவு வந்தது. ஒரு மாதத்தில் அந்த உத்தரவும் வந்தது: நிர்வாக வசதிக்காகப் பாடப்புத்தகக் கிடங்கு.

மூன்று வருடம் அக்கா அங்கே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை, புத்தகக் கட்டுகள், கட்டுப் பிரிக்காத தூசி. அந்தக் கட்டுகளில் பாதி ‘நேர்மைக் கல்வி’ பாடநூல்கள். எண்ணி, அடுக்கி, வகுப்பு வாரியாகக் கொடுப்பது அவள் வேலை. மாடியில் ஆய்வகத்தில் ஒரே ஜாடி வந்துவிட்டது. நம்பர் காலையிலேயே பலகையில் எழுதப்பட்டது. ஒருமுறை மட்டும் அவள் கேட்டாள்: “அந்தச் சொட்டுற குழாயையாவது சரி பண்ணிட்டாங்களா?” பண்ணவில்லை.

ஓய்வு பெற்று ஐந்தாவது மாதம் நோய் தெரிந்தது. எட்டாவது மாதம் போய்விட்டாள்.

இரங்கல் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். மண்டபத்தில் அவள் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். முதல்வர் பேசினார். சமரசம் அறியாதவர் என்றார். மாணவர்கள் அவர் அடிச்சுவட்டில் நடக்க வேண்டும் என்றார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நிஜக் கண்ணீர்தான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கு அதிகக் கோபம். கொன்றவன் அழக் கூடாதா என்று கேட்கலாம். அழட்டும். ஆனால் ஒலிபெருக்கி வைத்து அழ வேண்டுமா?

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது படிக்கட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தொரு வயது இருக்கும். ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்றாள். இரண்டு வருடப் படிப்புதான் கிடைத்ததாம்.

“நீங்க டீச்சரோட தங்கச்சிதானே? என்னைத் தெரியாது. என்னைச் சந்தேகம்னு கூப்பிடுவாங்க.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கேட்டாள்.

“நான் அன்னைக்கு மாத்தி எழுதியிருந்தா டீச்சரை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பியிருக்க மாட்டாங்க இல்ல? டீச்சர் என் மேல வருத்தமா இருந்தாங்களா?”

நான்கு வருடமாக இந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அக்காவோ கடைசி வாரம்வரை, “அந்தப் பிள்ளையோட பதினாறு மார்க்கு போனது என்னாலதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்பைச் சிவப்பு என்று சொன்ன இரண்டு பேரும் ஆளுக்கொரு குற்றத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். தண்ணீர் கலந்தவர்களும் நம்பர் அனுப்பியவர்களும் கையெழுத்துப் போட்டவர்களும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்றுக்கொடுக்க முடியாது என்று யார் சொன்னது? கற்றுக்கொடுத்தாள். ஒருத்தி கற்றுக்கொண்டாள். அதற்காகத்தான் இரண்டு பேரையும் தண்டித்தார்கள்.

“உன் மேல வருத்தமா? உன் நோட்டை எடுத்துட்டு வந்து அலமாரியில வெச்சிருந்தாம்மா” என்றேன். அது உண்மை. பத்து வெவ்வேறு எண் எழுதிய பக்கத்தில் அடையாளத்துக்குக் காகிதம் வைத்திருந்தாள். மறுவாரம் வீட்டுக்கு வந்து அந்தப் பெண் நோட்டை வாங்கிக்கொண்டாள். அலமாரியில் மெழுகு வைத்த பாட்டிலைப் பார்த்ததும் தேதியைப் படித்தாள்.

இந்தக் கடிதத்துக்கு நேற்று பதில் அனுப்பிவிட்டேன். சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை என்று எழுதினேன். அந்த வருடச் செய்முறைத் தேர்வுப் பட்டியலில் ஒரு பதினான்கு இருக்கிறது. அது தவறு என்று பள்ளி எழுத்தில் ஒத்துக்கொண்டு தேர்வுத் துறைக்கு அனுப்ப வேண்டும். அந்த நகல் வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று முதல்வர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அம்மா, அது பழைய விஷயம். இப்ப அதைக் கிளறி யாருக்கு என்ன பிரயோஜனம்?”

“அந்தப் பொண்ணுக்கு.”

“அவங்க வேற படிப்புக்குப் போயிட்டாங்க. அழைப்பிதழ் அச்சாயிடுச்சு, டீச்சர் பேரோட. ஒரு கையெழுத்துதானேம்மா.”

நான்கு வருடத்துக்கு முன் அக்காவிடம் நான் சொன்ன அதே வார்த்தைகள் என் காதிலேயே வந்து விழுந்தன.

“அழைப்பிதழை மறுபடி அச்சடிங்க சார்.”

“நீங்க கொடுக்கலைன்னா விருதுக்கு வேற பேர்தான் வெக்க வேண்டியிருக்கும்.”

“தாராளமா வெச்சுக்கோங்க” என்றேன். “உங்க பேரே வெச்சுக்கோங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். படிவம் மேசைமேல்தான் இருக்கிறது. பென்சிலால் போட்ட பெருக்கல் குறியை ரப்பரால் அழித்துவிட்டேன். அந்த இடத்தில் பேனாவால் 23.1 என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் தபாலில் சேர்க்க வேண்டும்.